ஆணுறை: 2க்கும் 13க்கும் இடையில்

ஆணுறை என்று பேச்செடுத்தாலே முதலில் வரும் கேள்வி, "அதை நம்பலாமா?" என்பதுதான். அதற்கு இரண்டு எண்களைப் பதிலாகச் சொல்கிறேன். நூறு ஜோடிகள் ஒரு வருடம் முழுக்க, ஒரு முறைகூடத் தவறாமல், சரியான விதத்தில் ஆணுறை போட்டுக்கொண்டால் அந்த வருடத்தில் கருத்தரிப்பவர்கள் சுமார் 2 பேர். அதே நூறு ஜோடிகள், நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் பயன்படுத்துகிறபடி பயன்படுத்தினால் சுமார் 13 பேர்.

இரண்டு கணக்கிலும் ரப்பர் ஒன்றேதான். இடையில் இருக்கும் அந்த 11 பேருக்கு என்ன நடந்தது? ஒரு நாள் போடாமல் விட்டிருப்பார்கள். பாதியில் நினைவு வந்து போட்டிருப்பார்கள். காய்ந்துபோன பழைய பாக்கெட்டை எடுத்திருப்பார்கள், எண்ணெய் தடவியிருப்பார்கள், வெளியே எடுக்கும்போது அது நழுவியிருக்கும். இவை அனைத்தும் யாராவது பத்து நிமிடம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தால் தவிர்த்திருக்கக் கூடியவை. ஆனால் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பத்து நிமிடம் கிடைக்கவே இல்லை. வீட்டில் பேசமாட்டார்கள், பள்ளியில் அந்தப் பாடத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள், நண்பர்களுக்குத் தெரிந்தது பாதிதான். அந்தப் பத்து நிமிடத்தை இங்கே கொடுக்க முயல்கிறேன்.

பொருள் எவ்வளவு உறுதியானது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆணுறை தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்குமுன் ஒவ்வொன்றையும் ஓர் உலோக அச்சில் மாட்டி மின்சாரத்தால் சோதிக்கிறார்கள். ரப்பர் வழியாக மின்சாரம் பாயாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தாலும் பாய்ந்துவிடும், அந்த உறை ஒதுக்கப்படும். அதற்குமேல், ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் சிலவற்றை எடுத்து 300 மில்லி தண்ணீர் நிரப்பிக் கசிகிறதா என்று பார்க்கிறார்கள். இன்னும் சிலவற்றில் காற்றை அடித்து ஊதுகிறார்கள். சர்வதேசத் தரவிதிப்படி, வழக்கமான அளவுள்ள ஓர் ஆணுறை குறைந்தது 18 லிட்டர் காற்றைத் தாங்கிய பிறகுதான் வெடிக்கலாம். அதனால் போடுவதற்குமுன் வீட்டில் ஊதிப் பார்ப்பதோ தண்ணீர் ஊற்றிப் பார்ப்பதோ வேண்டாம். நல்ல உறையைக் கெடுப்பதற்குத்தான் அது உதவும்.

எதை வாங்குவது?

பெரும்பாலான ஆணுறைகள் லேடெக்ஸ் என்ற இயற்கை ரப்பரால் ஆனவை. நன்றாக இழுபடும், உறுதியானது, எங்கும் கிடைக்கும். ஒவ்வாமை இல்லாதவர்களுக்கு இதுவே போதும். சிலருக்கு லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாது. பயன்படுத்திய பிறகு அரிப்பு, சிவப்பு, வீக்கம் வந்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம், இருவரில் யாருக்கும் வரலாம். மூச்சுத்திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பாலிஐசோபிரீன், பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள்களில் செய்த உறைகள் இருக்கின்றன. முதலாவது லேடெக்ஸ் போலவே மென்மையாக இழுபடும். இரண்டாவது மிக மெல்லியது, வெப்பத்தை நன்றாகக் கடத்தும், ஆனால் அவ்வளவாக இழுபடாது. அதனால் அளவு சரியாக இல்லையென்றால் கிழியவோ நழுவவோ வாய்ப்பு சற்று அதிகம்.

ஆட்டுக்குடலில் செய்த உறைகளும் சில நாடுகளில் விற்கின்றன. விந்தணு அதைக் கடக்காது, கருத்தரிப்பைத் தடுக்கும். ஆனால் அந்தச் சவ்வில் இயற்கையாகவே நுண்துளைகள் உண்டு, எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி போன்ற வைரஸ்கள் அவற்றின் வழியே போய்விடும். நோய்த் தடுப்புக்கு அதை நம்பவே கூடாது.

அடுத்தது அளவு. ஆண்கள் பேசத் தயங்குவதும், கடையில் அவசரமாகத் தாண்டிப் போவதும் இதைத்தான். என்னைக் கேட்டால், வாங்கும்போது கவனிக்க வேண்டிய முதல் விஷயமே இதுதான். இறுக்கமான உறை கிழியும், தளர்ந்த உறை நழுவும். "ஆணுறை போட்டால் எதுவும் தெரியவில்லை", "போட்டவுடனே விறைப்பு போய்விடுகிறது" என்று சொல்பவர்களில் பலர் தங்களுக்குப் பொருந்தாத அளவைத்தான் அணிந்துகொண்டிருக்கிறார்கள்.

இங்கே நீளம் முக்கியமில்லை. உறைகள் போதுமான நீளத்தோடுதான் வருகின்றன. மிச்சம் இருந்தால் அடியில் சுருளாகவே நிற்கட்டும். பார்க்க வேண்டியது சுற்றளவு. பெட்டியின் பக்கவாட்டில் 'நாமினல் விட்த்' என்ற பெயரில் மில்லிமீட்டரில் ஓர் எண் இருக்கும். உறையைத் தட்டையாக வைத்தால் எவ்வளவு அகலம் என்பதே அது. பெரும்பாலும் 52 அல்லது 53 என்று போட்டிருக்கும். 49 அல்லது அதற்குக் கீழே இருந்தால் சிறியது, 56க்கு மேலே போனால் பெரியது. பெட்டியின் முகப்பில் 'லார்ஜ்', 'எக்ஸ்எல்' என்று எழுதியிருப்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எண் மாறாது.

உங்கள் அளவைக் கண்டுபிடிக்க ஒரு நூல் போதும். விறைப்பான நிலையில் உறுப்பின் நடுப்பகுதியைச் சுற்றி நூலை இறுக்காமல் வைத்து, இரண்டு முனையும் சேரும் இடத்தைக் குறித்து, ஸ்கேலில் அளந்து பாருங்கள். வரும் எண்ணைப் பாதியாக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். சுற்றளவு 115 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாதி 57 சொச்சம், அதில் பத்தில் ஒன்று போனால் 52. இது தோராயக் கணக்குதான். இரண்டு மூன்று அளவுகளை வாங்கிப் போட்டுப் பார்த்து, எது இறுக்கிப் பிடிக்காமலும் சுருண்டு இறங்காமலும் நிற்கிறதோ அதை உங்களுடையதாக வைத்துக்கொள்ளுங்கள். செருப்பு வாங்கும்போது போட்டு நடந்து பார்க்கிறோம், இதற்கும் அந்தக் கவனம் கொடுக்கலாம்.

மெல்லியது வாங்கினால் கிழியுமே என்று பயப்படத் தேவையில்லை. மெல்லிய உறையும் மேலே சொன்ன அதே வெடிப்புச் சோதனையில் தேற வேண்டும். புள்ளி, கோடு, நிறம் எல்லாம் விருப்பம். வாசனை சேர்த்தவை வாய்வழி உறவுக்காகச் செய்யப்பட்டவை. அவற்றின் இனிப்புப் பூச்சு சில பெண்களுக்குப் பெண்ணுறுப்பில் எரிச்சலைத் தரும்.

இரண்டு வகைகளில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை தேவை. ஒன்று, விந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும் என்று சொல்லி விற்பவை. இவற்றின் உட்புறத்தில் பென்சோகெய்ன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவியிருக்கும். உறையைத் திருப்பிப் போட்டுவிட்டால் மருந்து துணையின் உடலில் பட்டு, மரத்துப்போவது அவருக்காகிவிடும். இன்னொன்று, நோனாக்ஸினால்-9 என்ற விந்துக்கொல்லி சேர்த்தவை. கூடுதல் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் அடிக்கடி பயன்படுத்தினால் இந்த வேதிப்பொருள் உள்தோலைப் புண்ணாக்கி, எச்.ஐ.வி. உள்ளே நுழைவதை எளிதாக்கிவிடும். உலக சுகாதார நிறுவனமே இது வேண்டாம் என்கிறது. பெட்டியில் இந்தப் பெயர் இருந்தால் கீழே வைத்துவிட்டு வேறு எடுங்கள்.

பர்ஸில் இருக்கும் பாக்கெட்

நீண்ட நாள் பர்ஸில் கிடந்த ஆணுறைப் பாக்கெட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். அச்செழுத்துகள் தேய்ந்து, ஓரங்கள் வெளுத்து, உள்ளே இருக்கும் வளையத்தின் தடம் மேலே வட்டமாகப் பதிந்திருக்கும். பர்ஸின் தோலிலும் அதே வட்டம் விழுந்திருக்கும். "எதற்கும் இருக்கட்டும்" என்று வைத்தது. உட்காரும்போதெல்லாம் மடங்கி, உடம்புச் சூட்டில் வெந்து, ரப்பர் தன் இழுபடும் தன்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்திருக்கும். தேவைப்படும் அன்று அது கிழிந்தால் குற்றம் ஆணுறையுடையதாகாது.

வெப்பம், வெயில், உராய்வு மூன்றும் ரப்பருக்கு ஆகாது. அலமாரியில், இழுப்பறையில், வெளிச்சம் படாத குளிர்ச்சியான இடத்தில் பெட்டியோடு வையுங்கள். வாகனத்தின் பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம், வெயிலில் நின்றால் உள்ளே அடுப்பாகிவிடும். வெளியே எடுத்துப் போக வேண்டுமென்றால் கைப்பையில், நசுங்காத ஒரு சின்ன டப்பாவில் போட்டு அன்றைக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

காலாவதித் தேதி ஒவ்வொரு பாக்கெட்டிலும் தனித்தனியாக அச்சாகியிருக்கும். நன்றாகப் பாதுகாத்தாலும் தயாரித்து அதிகபட்சம் 5 ஆண்டுகள்தான் ஆயுள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு உதிரியாக வைத்திருப்பவர்கள் பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

போடும்போது

இப்போது நிஜமாகவே அந்த 2க்கும் 13க்கும் இடையிலான தூரம் தீர்மானமாகும் இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பாக்கெட்டைக் கையில் எடுத்ததும் தேதியைப் பாருங்கள். பிறகு இரண்டு விரலுக்கு நடுவே லேசாக அழுத்துங்கள். உள்ளே காற்று அடைபட்டு, சின்னத் தலையணை மாதிரி எதிர்த்து நிற்க வேண்டும். காற்று இல்லாமல் தட்டையாக ஒட்டிப்போயிருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, தூரப் போடுங்கள். நன்றாக இருந்தால், உறையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு, மறுபக்க ஓரத்தில் பல்வரிசை போல வெட்டியிருக்கும் இடத்தில் கையால் கிழியுங்கள். பல்லால் கடிக்க வேண்டாம், கத்தரிக்கோல் வேண்டாம். அவசரத்தில் பல் எங்கே படுகிறது என்று உங்களுக்கே தெரியாது. மோதிரமும் நீண்ட நகமும்கூடக் கீறிவிடும்.

வெளியே எடுத்ததும் ஒரு கணம் நிறுத்தி, எந்தப் பக்கம் சுருள் பிரிகிறது என்று பாருங்கள். சரியான பக்கத்தில், சுருளின் வளையம் வெளிப்புறமாக இருக்கும், தொப்பியின் விளிம்பு மாதிரி. நுனியில் இருக்கும் சின்னப் பை மேல்நோக்கி நிற்கும். மங்கலான வெளிச்சத்தில் கண் உதவாது. விரல்நுனியில் வைத்து ஒரு சுற்று மட்டும் உருட்டிப் பார்த்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

உறுப்பு முழுதாக விறைத்த பிறகு, துணையின் உடலில் எங்கும் படுவதற்கு முன்பே, போட வேண்டும். "கடைசியில் போட்டுக்கொள்ளலாம்" என்பது நிறையப் பேர் செய்யும் தவறு. விந்து வெளியேறுவதற்கு முன்பே கசியும் தெளிவான நீரில் சிலருக்கு விந்தணு இருக்கும், நோய்க்கிருமியும் இருக்கலாம்.

முன்தோல் இருப்பவர்கள் அதைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். நுனிப் பையை ஒரு கையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிக்கொண்டு, உறையை மொட்டின் மேல் வையுங்கள். அந்தப் பிடியை விடாமலே மறுகையால் அடிவரை உருட்டிக்கொண்டு போங்கள். இந்தப் பிடிதான் முக்கியம். பையில் காற்று தங்கிவிட்டால் விந்து சேர இடமிருக்காது, அழுத்தம் கூடி உறை வெடிக்கலாம். நடுவில் வழியில் காற்றுக் குமிழ் தெரிந்தால் விரலால் அடிநோக்கித் தள்ளிவிடுங்கள். அடிவரை போகாமல் பாதியில் நின்ற உறை, உறவின்போது இன்னும் மேலே ஏறி நழுவிவிடும்.

மொட்டின் மேல் வைத்த பிறகு உருள மறுக்கிறதா? தலைகீழாக வைத்துவிட்டீர்கள். இங்கேதான் கை தானாக ஒரு தவறு செய்யும்: அதையே திருப்பிப் போடும். வேண்டாம். முதலில் உறுப்பைத் தொட்ட பக்கத்தில் அந்தக் கசிவு ஒட்டியிருக்கும். திருப்பினால் அது வெளிப்பக்கமாகிவிடும், நேராகத் துணையின் உடலுக்குள் போகும். அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுங்கள். இதற்காகவே கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றுக்கு மூன்றாக வைத்திருப்பது நல்லது.

இதையெல்லாம் முதல்முறையே பதற்றத்தோடு செய்தால் கை நடுங்கும், விறைப்பும் தளரும். அது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதனால் தனியாக இருக்கும்போது நாலைந்து முறை போட்டுக் கழற்றிப் பழகிவிடுங்கள். ஒரு பெட்டி இதற்கென்றே செலவானால் போகட்டும். பத்தாவது முறை போடும்போது விளக்கு தேவைப்படாது. துணையே போட்டுவிடுவதும் நல்ல வழி, பலருக்கு அந்த இடைவெளி தெரியாமலே போய்விடும்.

இரண்டு ஆணுறைகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடலாமா என்று கேட்பார்கள். கூடாது. ரப்பரும் ரப்பரும் உரசி நழுவவும் கிழியவும் வழியாகும். ஆணுறையும் பெண்ணுறையும் ஒரே நேரத்தில் போடுவதும் இதே காரணத்தால் கூடாது.

எண்ணெய் பற்றி ஒரு சோதனை

பலர் இதை நம்புவதில்லை, அதனால் செய்து பார்க்கச் சொல்கிறேன். ஒரு லேடெக்ஸ் ஆணுறையை எடுத்து பலூன் மாதிரி ஊதிக் கட்டிவிடுங்கள். கையில் கொஞ்சம் பேபி ஆயிலைத் தொட்டு அதன் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். சிறிது நேரத்தில் அந்த இடம் மட்டும் வலுவிழந்து உப்பும், அப்புறம் பட்டென்று வெடிக்கும். 18 லிட்டர் காற்றைத் தாங்கிய அதே ரப்பர்தான். எண்ணெய் ரப்பருக்குள் ஊறி அதன் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. ஒரு நிமிடமே போதும், வலிமையில் பெரும்பகுதி போய்விடும். கண்ணால் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது என்பதுதான் இதில் ஆபத்து.

தேங்காய் எண்ணெய், பேபி ஆயில், பெட்ரோலியம் ஜெல்லி, உடலுக்குத் தடவும் லோஷன், மசாஜ் எண்ணெய் எதுவும் லேடெக்ஸோடும் பாலிஐசோபிரீனோடும் சேராது. பெண்ணுறுப்பில் பூஞ்சைத் தொற்றுக்காக வைக்கும் சில கிரீம்களிலும் எண்ணெய் கலந்திருக்கும். அந்தச் சிகிச்சை நடக்கும் நாட்களில் மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பாலியூரித்தேன் மட்டும் எண்ணெயைத் தாங்கும்.

வறட்சி இருந்தால் நீர் அல்லது சிலிகான் அடிப்படையிலான வழுக்கும் ஜெல்லைப் பயன்படுத்துங்கள். இதை ஏதோ குறையுள்ளவர்கள் வாங்குவது என்று நினைப்பது தவறு. வறண்ட உராய்வுதான் உறையைக் கிழிப்பது, ஜெல் அதைத் தடுக்கிறது. வெளிப்பக்கத்தில் தாராளமாகத் தடவலாம். உட்பக்கத்தில் நுனியில் ஒரு சொட்டு போதும், அதிகமானால் உறை நழுவும். ஆசனவாய் வழி உறவில் உடல் தானாக ஈரத்தைச் சுரப்பதில்லை. அங்கே ஜெல் இல்லாமல் ஆணுறை மட்டும் போட்டால் போதாது. அங்கிருந்து பெண்ணுறுப்புக்கு மாறுவதாக இருந்தால் புதிய உறையோடு மாறுங்கள்.

வெளியே எடுப்பது

விந்து வெளியேறியதும் அப்படியே படுத்துக்கொள்ளத் தோன்றும். அந்த ஒரு நிமிடத்தில் உறுப்பு தளர்ந்து, உறை மட்டும் உள்ளே நின்றுவிடும், அல்லது விளிம்பு வழியே விந்து கசியும். விறைப்பு இருக்கும்போதே, உறையின் வளையத்தை உறுப்பின் அடியோடு சேர்த்து விரல்களால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். துணையிடமிருந்து விலகிய பிறகு கழற்றி, முடிச்சுப் போட்டு, காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். கழிவறையில் போட்டால் குழாய் அடைக்கும். கையைக் கழுவாமல் மறுபடி நெருங்க வேண்டாம். அடுத்த முறைக்குப் புதிய உறை. கழுவி மறுபடி பயன்படுத்துவது என்ற பேச்சே இல்லை. ஒரே உறவு அரைமணி நேரத்தைத் தாண்டிப் போனாலும் நடுவில் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது.

எதைத் தடுக்கும், எதை முழுதாகத் தடுக்காது

எச்.ஐ.வி., மேகவெட்டை, கிளமிடியா போன்றவை உடல் நீர்கள் வழியே பரவுபவை. ஆணுறை அவற்றை மிக நன்றாகத் தடுக்கும். லேடெக்ஸில் நுண்துளைகள் வழியாக எச்.ஐ.வி. போய்விடும் என்று சொல்வது பொய். ஹெர்பீஸ், சிபிலிஸ், எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) ஆகியவை தோலோடு தோல் பட்டும் பரவும். உறை மூடாத இடத்தில் புண்ணோ கிருமியோ இருந்தால் ஆபத்து இருக்கிறது. உறை போட்டால் ஆபத்து குறையும், முற்றிலும் போகாது. எச்.பி.வி.க்குத் தடுப்பூசி இருக்கிறது, ஹெபடைடிஸ் பி-க்கும் இருக்கிறது. வாய்வழி உறவிலும் இந்த நோய்கள் பரவும் என்பதைப் பலர் அறிவதில்லை. அங்கேயும் உறை தேவை.

கர்ப்பம் பற்றித் துளியும் கவலை வேண்டாம் என்பவர்கள் ஆணுறையோடு மாத்திரை, காப்பர்-டி போன்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மாத்திரை நோயைத் தடுக்காது, ஆணுறை தடுக்கும். அதனால் ஒன்று வந்ததும் மற்றதைக் கைவிட வேண்டியதில்லை.

பெண்கள் தாங்களே அணிந்துகொள்ள விரும்பினால் பெண்ணுறை இருக்கிறது. இரண்டு முனையிலும் வளையம் உள்ள மெல்லிய பை. ஒரு வளையம் உள்ளே போய் உட்காரும், மற்றது வெளியே நிற்கும். நைட்ரைலில் செய்தவை லேடெக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் சரி, எண்ணெய்க்கும் அசையாது. சில மணி நேரம் முன்பே வைத்துக்கொள்ளலாம், ஆணின் விறைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உறுப்பு பைக்கும் உடலுக்கும் இடையே போய்விடாமல் பைக்குள்ளேயே போகும்படி மட்டும் முதலில் கையால் வழிகாட்ட வேண்டும். சரியாகப் பயன்படுத்தினால் வருடத்துக்கு நூறில் 5 பேர், சாதாரணப் பயன்பாட்டில் 21 பேர் கருத்தரிக்கிறார்கள். ஆணுறையைவிடச் சற்றுக் குறைவான பாதுகாப்புதான். ஆனால் போட்டுக்கொள்ள மறுக்கும் ஆணோடு வாழும் பெண்ணுக்கு இது பெரிய விஷயம்.

அந்த மறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்ற கேள்வியில் நிறையப் பெண்கள் வாயடைத்துப் போகிறார்கள். பல பால்வினை நோய்கள் எந்த அறிகுறியும் காட்டாமலே உடலில் இருக்கும். நோய் இருப்பது அது இருப்பவருக்கே தெரியாது. அதனால் இது நம்பிக்கையைப் பற்றிய கேள்வியே இல்லை. "எனக்குப் பயமாக இருந்தால் என்னால் உன்னோடு நிம்மதியாக இருக்க முடியாது, போட்டுக்கொள்" என்று சொல்லலாம். படுக்கைக்குப் போகும் முன்பே, உடை கலையாத நேரத்தில் சொல்வது எளிது. போடுவதாக ஒப்புக்கொண்டு, துணைக்குத் தெரியாமல் நடுவில் கழற்றுவது அவருடைய சம்மதத்தை மீறுவது. பல நாடுகளில் அது குற்றம்.

கிழிந்துவிட்டால்

பதற்றப்பட வேண்டாம், ஆனால் கடிகாரத்தைப் பாருங்கள். உடனே நிறுத்துங்கள். உறை உள்ளே தங்கிவிட்டால் விரலால் எடுத்துவிடலாம். அது அங்கிருந்து வேறெங்கும் போய்விடாது. வெளிப்புறத்தைச் சாதாரணமாகக் கழுவினால் போதும். பெண்ணுறுப்புக்குள் தண்ணீரோ சோப்போ பீய்ச்சிக் கழுவுவதால் கர்ப்பம் தடைபடாது, உள்தோல் புண்ணாவதுதான் மிச்சம்.

கர்ப்பத்தைத் தடுக்க அவசர கருத்தடை மாத்திரை இருக்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூலிப்ரிஸ்டல் என்ற மாத்திரை 120 மணி நேரம் வரை வேலை செய்யும். ஐந்து நாளுக்குள் மருத்துவரிடம் காப்பர்-டி வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட உறுதியானது. இந்த மாத்திரைகள் கருக்கலைப்பு மாத்திரைகள் அல்ல. கருமுட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவதுதான் இவற்றின் முக்கிய வேலை. மாதவிடாய் வழக்கத்தைவிட ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் பரிசோதனை செய்துபாருங்கள்.

துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தொற்றைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்திலேயே தொடங்கினால் பலன் அதிகம். மருத்துவமனையில் "ஆணுறை கிழிந்துவிட்டது" என்று நேரடியாகச் சொல்லுங்கள், சுற்றிவளைத்தால் நேரம்தான் போகும். மற்ற பால்வினை நோய்களுக்கான பரிசோதனை அன்றே காட்டாது. எப்போது எடுக்க வேண்டும் என்பதை மருத்துவரே சொல்வார்.

பிறகு, மனம் அமைதியான ஒரு நேரத்தில், அது ஏன் கிழிந்தது என்று இருவரும் உட்கார்ந்து யோசியுங்கள். தேதி தாண்டியிருந்ததா, எங்கே வைத்திருந்தோம், நுனியில் காற்று இருந்ததா, வறண்டிருந்ததா, எண்ணெய் பட்டதா, அளவு இறுக்கமாக இருந்ததா? பெரும்பாலும் இவற்றில் ஒன்று பிடிபடும். எதுவுமே பிடிபடாமல் மறுபடியும் கிழிந்தால், நூலை எடுத்து இன்னொரு முறை அளந்துவிட்டு, அடுத்த அளவு ஒரு பெட்டி வாங்கிப் பாருங்கள்.